மோட்டார்ஹோமுக்கு வெப்பமும் மின்சாரமும்: எதை முதலில் முடிவு செய்வது?

நெடுவழி:

வணக்கம் நண்பர்களே. ஆறு மீட்டர் நீளமும் உயர்ந்த கூரையும் கொண்ட சரக்கு வேன் ஒன்றை நானும் என் மனைவியும் மோட்டார்ஹோமாக மாற்றி வருகிறோம். சுவரிலும் கூரையிலும் வெப்பக்காப்பு ஒட்டும் கட்டத்தில் இப்போது இருக்கிறோம். கட்டிலும் அலமாரியும் அமர்ந்துவிட்ட பிறகு குழாய் இழுப்பதும் கம்பி இழுப்பதும் பெரும்பாடு என்பதால், வெப்பமூட்டியையும் மின் அமைப்பையும் இந்தக் கட்டத்திலேயே தீர்மானித்துவிட விரும்புகிறோம்.

குளிர்காலத்தில் மலைப்பகுதிகளில், வெளி மின் இணைப்பு இல்லாத இடத்தில் மூன்று நாட்கள் வரை தொடர்ந்து நிற்பதுதான் எங்கள் எண்ணம். இரவில் வெப்பநிலை வழக்கமாக உறைநிலைக்குக் கீழே 5 டிகிரிக்கும், சில நாட்களில் 15 டிகிரிக்கும் இறங்கும். பகலில் இருவரும் மடிக்கணினியில் வேலை செய்வோம். குளிர்பதனப் பெட்டி கம்ப்ரசர் வகை. ஓட்டுநர் உரிமத்தின் வரம்பு காரணமாக வண்டியின் மொத்த எடை 3,500 கிலோவைத் தாண்டக் கூடாது.

எரிவாயு வெப்பமூட்டி, டீசல் வெப்பமூட்டி, குழாய்களில் வெந்நீர் சுற்றும் அமைப்பு ஆகிய மூன்றில் எது பொருத்தம்? பேட்டரி எவ்வளவு வேண்டும்? ஒவ்வொருவரும் ஒரு கருவியின் பெயரைச் சொல்கிறார்களே தவிர, எந்தக் கணக்கின்படி சொல்கிறார்கள் என்பது எனக்குப் புரியவில்லை.

மின்கணக்கு:

வணக்கம் நெடுவழி. கருவியின் பெயரைத் தள்ளிவைத்துவிட்டு, நீங்கள் நிற்கப்போகும் மிகக் குளிர்ந்த இரவிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள். அந்த ஒரு இரவுக்கு எவ்வளவு வெப்பம் தேவை என்பது தெரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும்.

உங்கள் அளவுள்ள வேனில் வசிப்பிடத்தைச் சூழ்ந்த சுவர், கூரை, தரை, கதவு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 50 சதுர மீட்டர் பரப்பு இருக்கும். வெப்பக்காப்பு நன்றாக ஒட்டியிருந்தாலும், இரும்பு விலா எலும்புகளும் சன்னல்களும் முன்கண்ணாடியும் வெப்பத்தைக் கடத்திவிடுவதால், ஒரு சதுர மீட்டருக்கு ஒரு டிகிரி வேறுபாட்டில் 1.5 வாட் இழப்பு என்று வைத்துக்கொள்வது நியாயமாக இருக்கும். உள்ளே 20 டிகிரி, வெளியே உறைநிலைக்குக் கீழே 5 டிகிரி என்றால் வேறுபாடு 25 டிகிரி. ஆகவே இழப்பு 1,875 வாட். மூச்சுக்கும் ஈரம் வெளியேறுவதற்கும் காற்றோட்டம் தேவைப்படுவதால் இன்னும் 250 வாட் சேருங்கள். கணக்கு 2.1 கிலோவாட்டுக்கு வந்து நிற்கிறது. வெளியே உறைநிலைக்குக் கீழே 15 டிகிரி என்றால் அதே கணக்கு 3 கிலோவாட்டை நெருங்கும்.

இதிலிருந்தே ஒன்று தெளிவாகிவிடுகிறது. 2 கிலோவாட் வெப்பமூட்டி உங்கள் வழக்கமான இரவுக்கு விளிம்பில் நிற்கும். கடுமையான இரவுக்குப் போதாது. 4 கிலோவாட் வகையே வேண்டும்.

இப்போது ஒரு முழு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் உறங்கும்போது வெப்பத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டாலும் 24 மணி நேரத்துக்கு 45 யூனிட் அளவுக்கு, அதாவது 45 கிலோவாட் மணி அளவுக்கு, வெப்பம் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. புகையோடு வெளியேறுவதைக் கழித்தால் நாளொன்றுக்கு ஐந்தரை லிட்டர் டீசல் செலவாகும். ஒரு கிலோ புரோப்பேனில் 12.8 யூனிட் இருக்கிறது. அதே இழப்பைக் கழித்தால் நாளொன்றுக்கு 4 கிலோவுக்கு மேல். 11 கிலோ சிலிண்டர் ஒன்று உங்கள் மூன்று நாட்களை முழுமையாகத் தாண்டாது.

மின்சாரத்தை இதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும், ஏனென்றால் எந்த வெப்பமூட்டியாக இருந்தாலும் அதன் விசிறியும் பம்பும் கட்டுப்பாட்டுப் பலகையும் உங்கள் பேட்டரியில்தான் இயங்குகின்றன. டாங்கில் எரிபொருள் நிறைந்திருந்தும் பேட்டரி தீர்ந்துவிட்டதால் குளிரில் விழித்துக்கொண்டவர்கள் பலர். வெப்பத்தையும் மின்சாரத்தையும் இரண்டு தனித்தனிக் கொள்முதல்களாகக் கருதுவதால்தான் அந்த நிலை வருகிறது.

புதுத்தடம்:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து உண்டு. லித்தியம் பேட்டரிகள் இவ்வளவு முன்னேறிவிட்ட காலத்தில் எரிவாயுவும் டீசலும் வேண்டுமா? பெரிய பேட்டரி, கூரை முழுவதும் சோலார் பேனல், இண்டக்சன் அடுப்பு, குளிரூட்டவும் வெப்பமூட்டவும் செய்யும் கூரை ஏசி ஆகியவற்றை வைத்தால் தீ அபாயமும் நச்சுப் புகையும் இல்லாமல் எல்லாவற்றையும் மின்சாரத்திலேயே முடித்துவிடலாம். கோடைக்காலத்தில் நான் அப்படித்தான் நிம்மதியாகப் பயணிக்கிறேன்.

மின்கணக்கு:

கோடைக்கு உங்கள் அமைப்பு சரியானது, புதுத்தடம்; சமையலை மின்சாரத்துக்கு மாற்றியதையும் நான் வரவேற்கிறேன். ஆனால் நெடுவழியின் கேள்வி குளிர்காலத்தைப் பற்றியது. 12.8 வோல்ட்டில் 300 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி என்பது 3.84 யூனிட். ஒரு நாள் வெப்பத்துக்கு 45 யூனிட் வேண்டுமென்றால், அப்படிப்பட்ட பேட்டரி பன்னிரண்டு தேவைப்படும், அதுவும் ஒரே ஒரு நாளுக்கு. வெப்பப் பம்பு முறையில் இயங்கும் ஏசி செலவழிக்கும் மின்சாரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு வெப்பம் தரும் என்பது உண்மை. ஆனால் வெளிக்காற்று உறைநிலையை நெருங்கும்போது அதன் திறன் சரிகிறது, வெளிச்சுருளில் பனி படிகிறது, கூரையில் பொருத்தும் வகைகளில் பல அந்த நிலையில் வெப்பமூட்டுவதையே நிறுத்திவிடுகின்றன.

சூரியனைப் பற்றியும் சொல்கிறேன். 50 பாகை அட்சரேகையில் டிசம்பர் 21 அன்று நண்பகலில்கூடச் சூரியன் அடிவானத்திலிருந்து 16 அல்லது 17 பாகை உயரத்தில்தான் நிற்கும். கூரையில் படுக்கையாக ஒட்டிய பேனலின் மீது அந்தச் சாய்ந்த ஒளியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே விழும். 400 வாட் பேனல் அத்தகைய நாளில் கால் யூனிட் தந்தாலே நல்லது. பனி மூடிவிட்டால் அதுவும் இல்லை. ஜூன் மாதத்தில் அதே பேனல் ஒன்றரை யூனிட்டைத் தாண்டிவிடும். கோடை அனுபவத்தை வைத்துக் குளிர்காலத்தைத் திட்டமிடக் கூடாது என்று நான் வற்புறுத்துவதற்கு இந்த வேறுபாடே காரணம்.

கரிக்குழல்:

டீசல் வெப்பமூட்டிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நெடுவழியின் வண்டி டீசல் வண்டி என்று கருதிக்கொள்கிறேன். அப்படியென்றால் எரிபொருள் ஏற்கெனவே வண்டியிலேயே இருக்கிறது. சிலிண்டருக்கு இடம் ஒதுக்க வேண்டியதில்லை, எடையும் மிச்சம். வெபாஸ்டோவின் ஏர் டாப் 2000, எபர்ஸ்பேச்சரின் ஏர்ட்ரானிக் டி2 ஆகியவை 2 கிலோவாட் அளவைச் சேர்ந்தவை. ஏர்ட்ரானிக் டி4 4 கிலோவாட் தரும். இவை காற்றை மட்டுமே சூடாக்குபவை. காற்றோடு 10 லிட்டர் தண்ணீரையும் சூடாக்க வேண்டுமென்றால் ட்ரூமாவின் காம்பி டி வரிசையைப் பார்க்கலாம்.

டீசல் வெப்பமூட்டியின் பெரிய எதிரி கரி. சிறிய வண்டிக்கு மிகப் பெரிய வெப்பமூட்டியை வாங்கிவிட்டு, அதை எப்போதும் குறைந்த நிலையிலேயே ஓடவிட்டால் எரிப்பு அறை போதிய அளவு சூடாகாமல் கரி படியத் தொடங்கும். நாளடைவில் பற்றவைக்கும் க்ளோ பிளக்கின் வலை அடைத்துக்கொள்ளும்; பிறகு வெண்புகை விட்டபடி எரிய மறுக்கும். என் பட்டறைக்கு வருபவற்றில் பெரும்பகுதி இந்த நிலையில்தான் வருகின்றன. அவ்வப்போது அரை மணி நேரம் முழு வேகத்தில் ஓடவிடுவதும், கோடையிலும் மாதம் ஒருமுறை இயக்குவதும் இதைத் தடுக்கும். ஆகவே மின்கணக்கு சொன்ன 4 கிலோவாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 'இருக்கட்டுமே' என்று அதற்கும் மேலே போக வேண்டாம்.

நீங்கள் மலைக்குப் போவதாகச் சொல்வதால் உயரத்தைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எரிபொருள் பம்பு வழக்கமான அளவு டீசலை அனுப்பிக்கொண்டிருக்க, எரிப்பதற்கான ஆக்சிஜன் மட்டும் குறைந்துவிடுவதால் கரி வேகமாகச் சேரும். 1,500 மீட்டருக்கு மேலே நீண்ட நேரம் இயக்குவதென்றால் உயரத்துக்கேற்ப எரிபொருளைக் குறைக்கும் ஏற்பாடு உள்ள வகையைத்தான் வாங்க வேண்டும். சிலவற்றில் அது உள்ளேயே அமைந்திருக்கும், சிலவற்றுக்குத் தனி உதிரிப் பொருளாகப் பொருத்த வேண்டும். வாங்குவதற்கு முன் அந்த மாதிரியின் கையேட்டிலேயே இதைப் படித்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.

வெதுவெதுப்பான சமவெளியில் நிரப்பிய டீசலோடு நேராக மலையேறுவதும் ஆபத்து. கடுங்குளிரில் டீசலில் உள்ள மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கும். குளிர் பகுதியில் விற்கப்படும் குளிர்கால டீசலை, டாங்க் பாதி காலியாகும்போதே நிரப்பிக்கொள்ள வேண்டும்.

நீலச்சுடர்:

கரிக்குழல் அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. எரிவாயுவின் பக்கத்தையும் நெடுவழி கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது என்பதற்காக எழுதுகிறேன்.

எரிவாயு வெப்பமூட்டியின் சுடர் சுத்தமானது. கரி என்ற பேச்சே பெரும்பாலும் எழுவதில்லை. ஓசை குறைவு. பற்றவைக்கும்போது டீசலைப் போல 8 முதல் 10 ஆம்பியர் வரை இழுப்பதும் இல்லை. ட்ரூமா காம்பி 4 அல்லது 6 ஒன்றே காற்றையும் 10 லிட்டர் வெந்நீரையும் தந்துவிடும். பெயரில் ஈ என்ற எழுத்து சேர்ந்த வகைகளில் 900 வாட்டும் 1,800 வாட்டும் தரும் மின் சுருளும் இருப்பதால், மின் இணைப்புள்ள முகாமில் எரிவாயுவைத் தொட வேண்டியதில்லை.

ஆனால் எந்த வாயு என்பதில் கவனம் வேண்டும். பியூட்டேன் உறைநிலையை ஒட்டியே, அதாவது ஏறத்தாழ 0 டிகிரியில், ஆவியாவதை நிறுத்திவிடும். புரோப்பேனின் கொதிநிலை உறைநிலைக்குக் கீழே 42 டிகிரி. குளிர்காலத்தில் சிலிண்டர் கனமாக இருந்தும் சுடர் வராமல் தவிப்பவர்கள் கலவை வாயுவை வாங்கியவர்களாகவே பெரும்பாலும் இருப்பார்கள்: கலவையில் புரோப்பேன் முதலில் எரிந்து தீர்ந்துவிட, பியூட்டேன் திரவமாகவே அடியில் கிடக்கும். குளிருக்குத் தனிப் புரோப்பேன்தான்.

எல்லை தாண்டிப் பயணிப்பவர்களுக்கு இன்னொரு சங்கடம் உண்டு. ஒரு நாட்டின் சிலிண்டரை அடுத்த நாட்டில் மாற்றித் தரமாட்டார்கள். இணைப்பு முனைகளும் வேறுபடும். வண்டியில் நிலையாகப் பொருத்தி நாமே நிரப்பிக்கொள்ளும் தொட்டி இதற்குத் தீர்வு. அதிலும் நாட்டுக்கு நாடு நிரப்பும் முனை மாறும் என்பதால் பொருத்திகளை உடன் வைத்திருக்க வேண்டும். அத்தகைய தொட்டியில் 80 விழுக்காட்டோடு நிரப்புதல் தானாக நின்றுவிடும் வால்வு கட்டாயம் இருக்க வேண்டும். திரவம் விரிவடைய மீதி இடம் தேவை.

பாதுகாப்பில் எந்தத் தளர்வும் கூடாது. புரோப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். ஆகவே சிலிண்டர் பெட்டி வசிப்பிடத்திலிருந்து காற்றுப் புகாமல் பிரிக்கப்பட்டு, அதன் அடியில் வெளியே திறக்கும் துளையோடு இருக்க வேண்டும். படுக்கைக்கு இடம் வேண்டும் என்பதற்காக அந்தத் துளையைப் பலகையால் மூடிய வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன், அதை நினைத்தாலே எனக்கு மனம் பதறுகிறது. ஓட்டும்போதும் வெப்பமூட்டி இயங்க வேண்டுமென்றால், மோதல் நேர்ந்தால் வாயுவை அடைக்கும் உணர்வியோடு கூடிய ரெகுலேட்டர் வேண்டும்.

அடுப்பைப் பற்றவைத்து அதில் குளிர்காய்வது மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் 1.6 கிலோவுக்கு மேல் நீராவி உருவாகிறது. அது அத்தனையும் உங்கள் சுவரிலும் மெத்தையிலும்தான் படியும். நச்சு வாயு அபாயம் அதைவிடப் பெரியது.

பனிமுகடு:

வெந்நீர் சுற்றும் அமைப்பைப் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்வீடனின் ஆல்டே நிறுவனத்தின் காம்பாக்ட் 3020 எங்கள் வண்டியில் இருக்கிறது. உறையாமல் காக்கும் கிளைக்கால் என்ற திரவம் கலந்த நீர் சுவரோரமாகச் சுற்றிவரும். கட்டிலுக்குக் கீழும் அலமாரிக்குப் பின்னும் இருக்கும் தகடுகள் சூடாகிக் காற்று தானாக மேலெழும். விசிறியின் இரைச்சல் இல்லை, காலிலிருந்து தலைவரை ஒரே சீரான வெதுவெதுப்பு, மூலைகளில் ஈரம் கோத்துக்கொள்வதும் குறைவு. குளிர்காலம் முழுவதும் வண்டியிலேயே வாழ்பவர்களுக்கு இதற்கு இணையாக வேறொன்றை நான் சொல்லமாட்டேன்.

இருந்தாலும் நெடுவழி, உங்களுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்குத் தயக்கமாக இருக்கிறது. குளிர்ந்து கிடக்கும் வண்டி சூடாகச் சூடுகாற்று முறைக்கு ஆவதைவிட நெடுநேரம் ஆகும். குழாய், தகடு, திரவம் எல்லாம் சேர்ந்து எடையும் இடமும் பிடிக்கும். வழக்கமான கிளைக்காலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சரக்கு வேனின் வளைந்த சுவர்களில், பொருட்களுக்குப் பின்னால் காற்று எழும் இடைவெளியை விட்டு அமைப்பதும் எளிதல்ல. அகன்ற உடல் கொண்ட பெரிய மோட்டார்ஹோம்களில்தான் இதன் அருமை முழுமையாகத் தெரியும்.

நீங்கள் இப்போது வெப்பக்காப்புக் கட்டத்தில் இருப்பது நல்வாய்ப்பு. மின்கணக்கு எடுத்துக்கொண்ட 1.5 வாட் என்ற எண்ணை 1.2 ஆகக் குறைக்க முடிந்தால், நீங்கள் வாங்கும் ஒவ்வொரு லிட்டர் டீசலிலும் அதன் பலன் தெரியும். அடி ஓட்டையான பானையில் வேகமாக நீர் ஊற்றுவதைவிட ஓட்டையை அடைப்பதே மேல். இரும்பு விலாக்களின் மேலும் வெப்பக்காப்பு ஒட்டுங்கள், அவற்றுக்கு இடையிலுள்ள குழிகளோடு நின்றுவிடாதீர்கள். முன்கண்ணாடிக்குப் பல அடுக்குத் திரை தையுங்கள். வெளிப்புறம் போர்த்தும் திரை உள்திரையைவிடப் பயன் தரும், கண்ணாடியே குளிராமல் இருப்பதால் உள்ளே வியர்ப்பதில்லை. ஐரோப்பாவின் இஎன் 1646 தரநிலையில் மூன்றாம் நிலைச் சான்று பெறும் வண்டி, வெளியே உறைநிலைக்குக் கீழே 15 டிகிரி இருக்கும்போது உள்ளே 20 டிகிரியை எட்டிப்பிடிக்க வேண்டும். அந்த அளவை உங்கள் இலக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை மறந்துவிடாதீர்கள். நல்ல நீர்த் தொட்டி, குழாய்கள், பம்பு ஆகிய எல்லாம் வெப்பம் படரும் உட்பகுதியில் இருக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டி வண்டிக்கு அடியில் இருந்தால் முதல் இரவிலேயே உறையும். ட்ரூமா கொதிகலன்களில் வெப்பநிலை 3 டிகிரியை நெருங்கினால் நீரைத் தானாக வெளியேற்றிவிடும் வால்வு இருக்கிறது. அது கொதிகலனைக் காக்கும், ஆனால் அந்த வால்வு குளிர்ந்த மூலையில் அமைந்திருந்தால் வண்டி சூடாக இருக்கும்போதே நீர் முழுவதும் தரையில் கொட்டிவிடும்.

நெடுவழி:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிக்க நன்றி. எங்கள் வண்டி டீசல் வண்டிதான். எண்களைப் பார்த்த பிறகு டீசல் பக்கம் மனம் சாய்கிறது. மின்கணக்கு ஐயா, டீசல் வெப்பமூட்டியை வைத்துக்கொண்டால் பேட்டரிக் கணக்கு எப்படி அமையும்? பழைய ஈய அமில வகையே போதும் என்று ஒருவர் சொன்னார், விலை குறைவு என்பதால் அதையும் பரிசீலிக்கிறோம்.

மின்கணக்கு:

டீசல் காற்று வெப்பமூட்டி ஓடும்போது வேகத்தைப் பொறுத்து 10 முதல் 35 வாட் வரை எடுக்கும். நாள் முழுவதும் ஓடினால் அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. குளிர்காலத்தில் குளிர்பதனப் பெட்டி கால் யூனிட்டோடு நின்றுகொள்ளும். இரண்டு மடிக்கணினிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் அதற்குச் சற்று மேல் வையுங்கள். விளக்கு, தண்ணீர்ப் பம்பு, கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாம் சேர்த்தால் நாளொன்றுக்கு 1.1 யூனிட் அளவு வருகிறது. மூன்று நாட்களுக்கு 3.3 யூனிட். வானம் முழுக்க மூடியிருக்கிறது, வண்டியை நகர்த்தவில்லை என்று வைத்துக்கொண்டு இதைத் திட்டமிட வேண்டும்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் 300 ஆம்பியர் மணி வாங்கினால் 3.84 யூனிட், கணக்குக்குச் சரியாக இருக்கும். எடை 40 கிலோவுக்குள் அடங்கும். ஈய அமிலம் அல்லது அதன் மூடிய வடிவமான ஏஜிஎம் வகையில் கொள்ளளவில் பாதியைத்தான் வழக்கமாகப் பயன்படுத்தலாம், அதற்கு மேல் இறக்கினால் ஆயுள் விரைவாகக் குறையும். குளிரில் அதன் கொள்ளளவும் சுருங்கும். உங்கள் மூன்று நாட்களுக்கு 500 ஆம்பியர் மணிக்கு மேல் வேண்டும். அது 150 கிலோ. 3,500 கிலோ வரம்பில் அந்த 110 கிலோ வேறுபாடு என்பது தண்ணீரையும் உணவையும் குறைத்துக்கொள்வதாகும். விலை குறைவு என்ற வாதம் உங்கள் நிலையில் நிற்காது. வார இறுதியில் முகாமில் மின் இணைப்போடு நிற்பவராக இருந்தால் ஏஜிஎம் போதும் என்று நானே சொல்லியிருப்பேன்.

லித்தியத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பேட்டரியின் உள்வெப்பநிலை 0 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அதில் மின்னேற்றம் செய்யக் கூடாது. மின்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும். மின்சாரம் எடுப்பதற்கு இந்தத் தடை இல்லை. நல்ல பேட்டரியின் மேலாண்மைச் சுற்று இதைத் தானே தடுக்கும் என்றாலும், பேட்டரியைக் கட்டிலுக்கு அடியிலோ இருக்கைக்கு அடியிலோ, வெப்பம் எட்டும் இடத்தில் வைப்பதே முறை. சூடுகாற்றுக் குழாய் ஒன்று அந்த அறையின் ஓரமாகப் போகும்படி வடிவமைத்தால் இன்னும் நல்லது.

மின்னேற்றத்துக்கு உங்கள் முதல் ஆதாரம் எஞ்சின் சுழற்றும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர். இன்றைய வண்டிகளில் ஆல்டர்னேட்டர் தன் மின்னழுத்தத்தைத் தேவைக்கேற்பக் குறைத்துக்கொள்வதால் பழைய ரிலே இணைப்பால் பேட்டரி நிரம்பாது. நடுவில், மின்னழுத்தத்தைச் சரிசெய்து பேட்டரிக்கு அனுப்பும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். லித்தியம் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் இயல்புடையது, நேரடியாக இணைத்தால் ஆல்டர்னேட்டர் சூடேறிக் கருகும் என்பதும் அதற்கு இன்னொரு காரணம். 60 ஆம்பியர் சார்ஜர் ஒரு மணி நேர ஓட்டத்தில் ஏறத்தாழ 0.8 யூனிட் தரும். நான்கைந்து மணி நேரம் ஓட்டினால் காலியான பேட்டரி நிரம்பிவிடும். நின்ற இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு நிரப்பாதீர்கள். எஞ்சினுக்கும் நல்லதல்ல, அக்கம்பக்கத்தாருக்கும் நல்லதல்ல.

இன்வெர்ட்டர் வாங்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 12 வோல்ட் அமைப்பில் 2,000 வாட் எடுத்தால் கம்பியில் 170 ஆம்பியருக்கு மேல் ஓடும். பேட்டரியிலிருந்து ஒரு மீட்டருக்குள் இன்வெர்ட்டர், 70 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, பேட்டரி முனைக்கு மிக அருகில் ஃபியூஸ் என்று அமைக்க வேண்டும். மடிக்கணினிக்கு இன்வெர்ட்டரே வேண்டாம். 12 வோல்ட்டிலிருந்து நேராக மின்னேற்றும் யுஎஸ்பி சி முனை போதும். ஓசையின்றி ஓடிக்கொண்டிருக்கும் இன்வெர்ட்டர் வெறுமனே கிடக்கும்போதும் மின்சாரம் குடிக்கும்.

வெளி மின் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவு தடுப்பான் கட்டாயம். 6 ஆம்பியர் மட்டும் தரும் முகாமில் 230 வோல்ட்டில் மொத்தம் 1,380 வாட்தான் கிடைக்கும் என்பதும் நினைவிருக்கட்டும். மின் வெப்பமூட்டியும் கெட்டிலும் சேர்ந்து ஓடாது.

பனிமுகடு:

மூன்று நாட்கள் ஐந்தாக நீண்டுவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி உங்களுக்கு எழும் என்பதால் ஒரு வழியைச் சேர்க்கிறேன். மெத்தனாலில் இயங்கும் எஃபாய் எரிபொருள் மின்கலம் சத்தமின்றி ஓடி, பேட்டரி இறங்கும்போது தானாக மின்னேற்றும். சிறிய வகை 40 வாட் தருகிறது, நாள் முழுவதும் ஓடினால் ஒரு யூனிட்டை ஒட்டி வரும். ஒரு யூனிட்டுக்கு 0.9 லிட்டர் மெத்தனால் செலவு. விலை மிக அதிகம், மெத்தனால் நஞ்சு, கருவியை உறையாமல் காக்கவும் வேண்டும். குளிர்காலத்தில் ஓரிடத்தில் வாரக்கணக்கில் நிற்பவர்களுக்கு மட்டுமே நான் இதைச் சொல்வேன். உங்களுக்கு இப்போது தேவையில்லை. அதற்கான இடத்தையும் கம்பியையும் மட்டும் ஒதுக்கிவையுங்கள்.

புதுத்தடம்:

கணக்கைப் பார்த்த பிறகு ஏற்றுக்கொள்கிறேன்: குளிர்காலத்தில் வெப்பத்தைப் பேட்டரியிலிருந்து எடுக்க முடியாது. சமையலை மின்சாரத்தில் வைத்துக்கொள்ளலாம் என்பதில் மட்டும் என் கருத்தை விடவில்லை. எரிவாயுவே இல்லாத வண்டியில் சிலிண்டர் பெட்டியும் துளையும் குழாய்ச் சோதனையும் வேண்டியதில்லை அல்லவா?

நீலச்சுடர்:

உண்மை. ஆனால் இருவருக்கு மூன்று வேளைச் சமையல் என்றால் நாளொன்றுக்கு இன்னும் ஒரு யூனிட் போகும். நெடுவழியின் பேட்டரிக் கணக்கில் அதற்கு இடமில்லை. ஒரு சிறிய புரோப்பேன் சிலிண்டர் சமையலுக்கு மட்டும் என்றால் வாரக்கணக்கில் வரும்.

நெடுவழி:

இருவரும் உட்கார்ந்து பேசி ஏறத்தாழ முடிவுக்கு வந்துவிட்டோம். உயரத்துக்கேற்பத் தானே சரிசெய்துகொள்ளும் 4 கிலோவாட் டீசல் காற்று வெப்பமூட்டி. 300 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரி, கட்டிலுக்கு அடியில். 60 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர். கோடைப் பயணங்களுக்காக 400 வாட் பேனல். சமையலுக்குச் சிறிய புரோப்பேன் சிலிண்டர் ஒன்று, முறையான பெட்டியோடு. வெந்நீருக்குத் தனியாக ஒரு சிறு கொதிகலனை, எஞ்சின் வெப்பத்திலும் வெளி மின் இணைப்பிலும் இயங்கும் வகையில் பார்த்துக்கொண்டிருக்கிறோம். விலாக்களின் மேல் இன்னொரு அடுக்கு ஒட்டப்போகிறோம்.

வெப்பமூட்டியைப் பயணி இருக்கைக்கு அடியில் பொருத்தலாம் என்று எண்ணுகிறோம். பேட்டரி வண்டியின் பின்பகுதியில் இருக்கும். கரிக்குழல் அண்ணா, பொருத்தும்போது நாங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை என்னென்ன?

கரிக்குழல்:

பயணி இருக்கைக்கு அடி நல்ல இடம். ஆனால் பேட்டரி பின்னால் இருந்தால் கம்பியின் நீளத்தைக் கணக்கிடுங்கள். போக நான்கு மீட்டர், வர நான்கு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் 10 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ ஒரு வோல்ட் கம்பியிலேயே தொலைந்துவிடும். க்ளோ பிளக் சூடேறும் அந்த நிமிடத்தில் வெப்பமூட்டி மின்னழுத்தம் குறைவு என்று அறிவித்து நின்றுவிடும். பலர் இதைக் கருவியின் கோளாறு என்று எண்ணி எடுத்துவருகிறார்கள். 4 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்கு வோல்ட்டாகக் குறையும். அதற்கென்று தனி ஃபியூஸ் வையுங்கள், வேறு எதையும் அந்தக் கம்பியில் இணைக்காதீர்கள்.

அந்தக் கம்பியில் முதன்மைச் சுவிட்சையும் வைக்காதீர்கள். அணைத்த பிறகும் விசிறி சில நிமிடங்கள் ஓடி எரிப்பு அறையைக் குளிர்வித்துவிட்டுத்தான் நிற்கும். நடுவில் மின்சாரத்தைத் துண்டித்தால் உள்ளே தேங்கிய வெப்பம் உணர்விகளையும் விசிறியையும் கெடுக்கும். பேட்டரியின் மேலாண்மைச் சுற்று திடீரென்று துண்டித்தாலும் இதே சேதம்தான். ஆகவே பேட்டரி 10 விழுக்காட்டுக்கு வருவதற்கு முன்பே உங்களை எச்சரிக்கும், பேட்டரிக்குள் போகும் வரும் மின்னோட்டத்தை அளக்கும் ஷன்ட் வகை அளவியைப் பொருத்தி, அந்த எச்சரிக்கை வந்ததும் வெப்பமூட்டியை முறைப்படி அணைத்துவிடுங்கள்.

எரிபொருள் எடுக்கும் குழாய் டாங்கின் அடிவரை இறங்கக் கூடாது. கால்பங்கு மீதமிருக்கும் உயரத்திலேயே அது நின்றால், வெப்பமூட்டி எவ்வளவு ஓடினாலும் எஞ்சினுக்கு வேண்டிய டீசல் இருக்கும். புகைக்குழாய் திறக்கும் சன்னலுக்கோ காற்று உள்ளே வரும் துளைக்கோ அருகில் முடியக் கூடாது. தாழ்வான புள்ளியில் நீர் வடிய ஒரு சிறு துளை விடுங்கள், இல்லையென்றால் தேங்கிய நீர் உறைந்து குழாயை அடைக்கும். பனி பொழியும் இடத்தில் நின்றால் உறங்கப்போகும் முன்பும் விழித்தவுடனும் வண்டியின் அடியில் குனிந்து பாருங்கள். காற்று குவித்த பனி புகை வாயை மூடினால் புகை வண்டிக்கு அடியில் தேங்கி எந்த இடுக்கு வழியாகவும் உள்ளே வரும்.

கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி இஎன் 50291-2 என்ற தரநிலைக்கு உட்பட்டதா என்று பார்த்து வாங்குங்கள். அது வாகனங்களுக்கும் படகுகளுக்கும் உரியது. அந்த வாயு காற்றின் கனத்தையே ஒட்டியது என்பதால், படுத்திருப்பவரின் தலை இருக்கும் மட்டத்தில் பொருத்துங்கள். புரோப்பேன் கசிவுக் கருவி அதற்கு நேர்மாறாகத் தரையை ஒட்டி இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே கருவியாக விற்கிறார்கள். எந்த உயரத்தில் வைத்தாலும் ஒன்றுக்கு அது தவறான இடமாகிவிடும் என்பதால் தனித்தனியாகவே வாங்குங்கள். கம்பி இழுக்கும்போதே இரண்டு இடங்களுக்கும் இணைப்பு விட்டுவிட்டால் பிறகு பலகையைக் கழற்ற வேண்டியிருக்காது.